பூட்டு இல்லாத தீவில் புகுந்த கொலைகாரன்!

ஒரு கொலை. ஒரு பிணம். ஒரு துப்பு. ஒரு போலீஸ்காரர்.

இந்த நான்கும் இருந்தால் துப்பறியும் நாவல் தயார் என்று பலர் நினைக்கிறார்கள். அது தவறு. ஐந்தாவதாக ஒன்று வேண்டும். அதுதான் இடம்!

கொலை எங்கே நடந்தது? அங்கே யார் யார் இருந்தார்கள்? அந்த இடத்துக்கு யார் வர முடியும்? அங்கிருந்து யார் தப்பிப் போக முடியும்? இவை தெரியாமல் எந்தத் துப்பறியும் நிபுணரும் ஓர் அடி கூட எடுத்து வைக்க முடியாது.

துப்பறியும் கதைக்குச் சிறந்த இடம் எது? பெரிய பட்டணமா? இருட்டுச் சந்தா? பாழடைந்த பங்களாவா?

தீவுதான் என்பது என் கருத்து.

கடல், மணல், தென்னை மரம், ஓலைக்கூரை போட்ட மது விடுதி. இவற்றின் நடுவே உட்கார்ந்து மேல்நாட்டு எழுத்தாளர்கள் பலர் கதை எழுதி இருக்கிறார்கள். அவற்றுள் சில, நூறு ஆண்டு ஆகியும் அழியாமல் இருக்கின்றன. பல, வந்த சுவடே தெரியாமல் மறைந்துவிட்டன.

ஏன் இந்த வித்தியாசம்?

தீவின் அழகைப் பார்த்து எழுதியவர்கள் மறைந்தார்கள். தீவில் இருக்கும் மனிதரைப் பார்த்து எழுதியவர்கள் நிலைத்தார்கள். இதுதான் விடை. இதற்குச் சில உதாரணங்களைப் பார்ப்போம்.

கடல் போட்ட பூட்டு

முதலில், தீவு ஏன் துப்பறியும் கதைக்கு ஏற்ற இடம்?

பட்டணத்தில் ஒரு கொலை நடந்தால், கொலைகாரன் கூட்டத்தில் கலந்து விடுவான். ரெயில் ஏறிப் போய் விடுவான். லட்சம் பேரில் அவனை எங்கே தேடுவது?

தீவில் அப்படி அல்ல. படகு போய் விட்டால், இருப்பவர்கள் இருப்பவர்கள்தான். புதிதாக யாரும் வர முடியாது. உள்ளே இருப்பவரும் போக முடியாது. நாலு பக்கமும் கடல் பூட்டுப் போட்டு விடுகிறது. கொலைகாரன் இருப்பவர்களில் ஒருவன்தான்!

இதை நன்றாகப் புரிந்து கொண்டவர் அகதா கிறிஸ்டி. இங்கிலாந்து நாட்டின் புகழ் பெற்ற பெண் எழுத்தாளர்.

இங்கிலாந்தின் தென்மேற்கில் டெவன் என்ற பகுதி இருக்கிறது. அதன் கரையோரத்தில் பர்க் தீவு என்று ஒரு சின்னத் தீவு. கடல் உள்வாங்கும்போது மணலில் நடந்தே அங்கு போகலாம். கடல் ஏறிவிட்டால் வழி மூடிக்கொள்ளும். அந்தத் தீவில் ஓர் ஓட்டல் உண்டு. அகதா கிறிஸ்டி அங்கே போய்த் தங்குவார்.

1939-ம் ஆண்டு அவர் ஒரு நாவல் வெளியிட்டார். முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரு தீவில் அகப்பட்டுக் கொள்கிறார்கள். எட்டுப் பேர் விருந்தாளிகள். இரண்டு பேர் வேலைக்காரர்கள். ஒவ்வொருவராகச் சாகிறார்கள். உலகத்திலேயே மிக அதிகமாக விற்ற துப்பறியும் கதைகளில் அதுவும் ஒன்று. 1941-ல் இன்னொரு நாவல் வந்தது. அதில் கடற்கரை ஓட்டலில் தங்கிய ஒரு பெண் கொலை செய்யப்படுகிறாள். இந்த இரண்டு கதைகளின் தீவுகளுக்கும் பர்க் தீவுதான் மூலம் என்று சொல்வார்கள்.

பின்னாளில் மேற்கு இந்தியத் தீவு ஒன்றையும் அவர் கற்பனை செய்தார். 1964-ல் வந்த அந்த நாவலில், மிஸ் மார்ப்பிள் என்ற கிழவி உடம்பு தேறுவதற்காக அந்தத் தீவுக்குப் போகிறாள். தினமும் வெயில். தினமும் கடல். ஒன்றுமே நடக்கவில்லையே என்று அலுத்துப் போகிறாள். அப்புறம்தான் கொலை!

அகதா கிறிஸ்டிக்குத் தீவு, பூட்டிய அறை போலப் பயன்பட்டது. ஆனால், "பூட்டே இல்லாத தீவு" ஒன்றைக் கண்டு கதை எழுதியவர் வேறொருவர். அவர் கதைதான் இன்னும் சுவையானது.

"சாவியா? எதற்கு?"

அவர் பெயர் ஏர்ல் டெர் பிக்கர்ஸ். அமெரிக்கர். 1884-ல் பிறந்தவர். பத்திரிகையிலும், நாடகத்துக்கும் எழுதிப் பெயர் எடுத்தவர்.

1920-ல் அவர் ஓய்வுக்காக ஹவாய்த் தீவுக்குப் போனார். பசிபிக் கடலின் நடுவே இருக்கும் தீவுக்கூட்டம் அது. அந்தக் காலத்தில் ஆகாய விமானத்தில் போக வழி இல்லை. கப்பலில்தான் போகவேண்டும்.

தலைநகரமான ஹோனலூலுவில், வைக்கீக்கி கடற்கரையில் தங்கினார். தங்கிய இடத்தில் அறைச் சாவி கேட்டாராம். "சாவியா? எதற்கு? இங்கே யாரும் கதவைப் பூட்டுவது இல்லையே" என்ற விதமாகப் பதில் வந்ததாம். இப்படி ஒரு கதை அந்த ஊரில் வழங்குகிறது.

வேறு ஒருவராக இருந்தால், "என்ன நல்ல ஊர்!" என்று மகிழ்ந்துவிட்டு, தூங்கப் போயிருப்பார். பிக்கர்ஸ் துப்பறியும் கதை எழுதுகிறவர். அவர் மனம் வேறு விதமாக ஓடியது.

பூட்டு இல்லாத வீட்டில் ஒரு கொலை நடந்தால்? யார் வேண்டுமானாலும் உள்ளே வந்திருக்கலாம். ஊரே சந்தேகத்துக்கு ஆளாகுமே! நேற்று வரை கதவைத் திறந்து போட்டுத் தூங்கியவர்கள், இன்று ஒருவரை ஒருவர் உற்றுப் பார்ப்பார்களே!

இந்த எண்ணம் அவரை விடவில்லை. ஐந்து ஆண்டு கழித்து, 1925-ல், அது நாவலாக வெளிவந்தது. பெயர் "சாவி இல்லாத வீடு".

வைக்கீக்கி கடற்கரையில் ஒரு பெரிய பணக்காரர். எந்நேரமும் திறந்தே கிடக்கும் வீடு. இரவில் அவர் கத்தியால் குத்திக் கொல்லப்படுகிறார். இருட்டில் ஒளிவிடும் கைக்கடிகாரம் ஒன்றை ஒருத்தி பார்க்கிறாள். அந்தக் கடிகாரத்தில் ஓர் எண் மட்டும் மங்கலாக இருக்கிறது. அதுதான் துப்பு!

கொலைகாரன் யார் என்பதை நான் சொல்லப் போவது இல்லை. படிக்கப் போகிறவர்களின் சுவையைக் கெடுப்பது பாவம்.

இன்றும் அந்தக் கடற்கரையில் உள்ள ஓர் ஓட்டலில், அந்த நாவலின் பெயரையே வைத்து ஓர் உணவகம் நடக்கிறது. கதைக்கு ஊர் பெயர் கொடுப்பது உண்டு. இங்கே ஊருக்கே கதை பெயர் கொடுத்து இருக்கிறது!

சாட்டை ஏந்திய போலீஸ்காரர்

ஆனால், அந்த நாவல் உலகப் புகழ் பெற்றதற்குக் காரணம் பூட்டு இல்லாத வீடு மட்டும் அல்ல. அதில் வந்த ஒரு போலீஸ்காரர்.

அவர் பெயர் சார்லி சான். சீனர். பருத்த உடம்பு. மெதுவான பேச்சு. வீடு நிறையப் பிள்ளைகள். கூரிய மூளை. கதையில் கால் பங்கு முடிந்த பிறகுதான் வருகிறார். வந்த பிறகு கதையே அவருடையது ஆகிவிடுகிறது.

அந்தக் காலத்தில் அமெரிக்காவில் சீனர்களின் நிலை என்ன? 1882-ல் ஒரு சட்டம் போட்டார்கள். சீனத் தொழிலாளர்கள் அமெரிக்காவுக்குள் வரக்கூடாது என்பது சட்டம். அது 1943 வரை நீடித்தது. கதைகளில் சீனர் என்றால் கொடியவர், கள்ளக் கடத்தல்காரர், விஷம் வைப்பவர். இப்படியே எழுதி வந்தார்கள்.

பிக்கர்ஸ் இதை மாற்றினார். சட்டத்தின் பக்கம் நிற்கும் சீனர் ஒருவரைக் கதாநாயகன் ஆக்கினார்.

இந்த எண்ணம் எங்கே இருந்து வந்தது?

ஹோனலூலு பத்திரிகையில் சீனத் துப்பறிவாளர்கள் பற்றி ஒரு சிறு செய்தி படித்ததாகப் பிக்கர்ஸ் பின்னால் சொன்னார். அந்தத் துப்பறிவாளர்களில் ஒருவர் சாங் அபானா. கற்பனை மனிதர் அல்ல. உண்மையாக வாழ்ந்த போலீஸ்காரர்!

அபானா 1871 வாக்கில் ஹவாய்த் தீவில் பிறந்தவர். பெற்றோர் சீனர்கள். சிறு பிள்ளையாகச் சீனாவுக்குப் போய், மறுபடியும் ஹவாய்க்குத் திரும்பினார். மாட்டுப் பண்ணையில் குதிரை ஏறி மாடு மேய்த்தார். 1898-ல் போலீசில் சேர்ந்தார்.

ஆள் குள்ளம். ஒல்லி. முகத்தில் வெட்டுத் தழும்பு. கையில் துப்பாக்கி வைத்துக் கொள்ளமாட்டார். மாடு ஓட்டிய காலத்துச் சாட்டைதான் அவருக்கு ஆயுதம். ஒரு தடவை, தனி ஆளாகச் சூதாட்ட விடுதியில் புகுந்து, பல டஜன் பேரைச் சாட்டையைக் காட்டியே பிடித்து வந்தார் என்று சொல்வார்கள். ஹவாய் மொழி தெரியும். சீன மொழி தெரியும். ஆங்கிலம் எழுதப் படிக்கத் தெரியாது. ஆனால், குற்றவாளியின் முகத்தைப் படிக்கத் தெரியும்!

1928-ல் எழுத்தாளரும் போலீஸ்காரரும் நேரில் சந்தித்தார்கள். படம் எடுத்துக் கொண்டார்கள். ஊரில் உள்ளவர்கள் அபானாவையே "சார்லி சான்" என்று கூப்பிட ஆரம்பித்தார்கள்.

அவர் 1932 வரை போலீசில் வேலை செய்தார். 1933 ஏப்ரல் மாதம் பிக்கர்ஸ் இறந்தார். அதே ஆண்டு டிசம்பரில் அபானா இறந்தார். எழுதியவரும், எழுதப்பட்டவரும் ஒரே ஆண்டில் மறைந்தார்கள்.

முகம் மாறிய கதாநாயகன்

பிக்கர்ஸ் சார்லி சானை வைத்து எழுதியது மொத்தம் 6 நாவல்கள். சினிமாக்காரர்கள் விடவில்லை. 40-க்கும் மேற்பட்ட படங்கள் எடுத்தார்கள்.

அதில் ஒரு வேடிக்கை. வேடிக்கை என்று சொல்வதைவிட வேதனை என்று சொல்லலாம்.

சீனத் துப்பறியும் நிபுணராக நடித்துப் புகழ் பெற்றவர் வார்னர் ஓலண்ட். அவர் சீனர் அல்ல. ஸ்வீடன் நாட்டில் பிறந்த வெள்ளையர். அவர் இறந்த பிறகு நடித்த சிட்னி டோலரும் வெள்ளையர்தான். மகன் வேஷத்துக்குச் சீன நடிகரைப் போட்டார்கள். தகப்பன் வேஷத்துக்குப் போடவில்லை!

1931-ல் ஒரு படத்தைப் பிடிக்க ஹோனலூலுவுக்கே வந்தார்கள். அபானா போய் வேடிக்கை பார்த்தார். தன்னைப் போல் ஒருவர் நடிப்பதை, தான் ஓரமாக நின்று பார்த்தார்.

இந்தப் படங்களைப் பற்றிப் பின்னாளில் கடுமையான கண்டனம் எழுந்தது. "எப்பொழுதும் குனிந்து கும்பிடும் சீனர், உடைந்த ஆங்கிலம் பேசும் சீனர் என்று எங்களைக் கேலிப்பொருள் ஆக்கிவிட்டார்களே" என்று அமெரிக்காவில் வாழும் சீன வம்சாவளியினர் வருந்தினார்கள். அவர்களது வருத்தத்தில் நியாயம் இருக்கிறது.

அதற்காகப் பிக்கர்சை வீசி எறிய வேண்டியது இல்லை. அவர் காலத்தில், அவர் நாட்டில், ஒரு சீனரை அறிவாளி என்று எழுத அவருக்கு மனம் வந்தது. அது சின்னக் காரியம் அல்ல. ஆனால், அவர் கண்டது பாதி. சாட்டை ஏந்திய அந்த ஒல்லி மனிதரின் முழு உருவமும் கதையில் வரவில்லை. உண்மையான அபானா, கற்பனையான சார்லி சானைவிடச் சுவையானவர் என்பது என் அபிப்பிராயம்.

பொய்யாக ஒரு தீவு!

இனி, ஓலைக்கூரை மது விடுதிக்கு வருவோம். மேல்நாட்டில் இதை "டிக்கி" விடுதி என்று சொல்கிறார்கள்.

டிக்கி என்றால் என்ன? நியூசிலாந்தில் வாழும் மாவோரி மக்களின் பழங்கதையில், அது முதல் மனிதனின் பெயர். பசிபிக் தீவுகளில் மனித உருவமாகச் செதுக்கும் சிலைகளுக்கும் இந்தப் பெயர் வழங்கும். அந்த மக்களுக்கு அவை மதிப்புக்கு உரிய உருவங்கள்.

அந்த உருவங்கள் மது விடுதிக்கு எப்படி வந்தன?

அமெரிக்காவில் 1920 முதல் மதுவிலக்கு இருந்தது. 1933 டிசம்பரில் அது நீக்கப்பட்டது. அந்தச் சமயத்தில் ஹாலிவுட் நகரில் ஒருவர் சின்ன விடுதி ஒன்று திறந்தார். பல தீவுகளைச் சுற்றி வந்தவர். பெயர் கேண்ட். பிறகு அந்தப் பெயரையே மாற்றி, "டான் பீச்" என்று வைத்துக் கொண்டார். பீச் என்றால் கடற்கரை!

விடுதிக்குள் மூங்கில், ஓலை, மீன் வலை, சங்கு, மங்கலான விளக்கு. உள்ளே போனால் பட்டணம் மறந்து போகும். கூரைமேல் தண்ணீரைப் பீய்ச்சி, மழை பெய்வது போலச் சத்தம் உண்டாக்குவாராம். மழை பெய்கிறதே என்று வாடிக்கைக்காரர்கள் இன்னும் கொஞ்ச நேரம் உட்காருவார்களாம். என்ன தந்திரம்!

1934-ல் ஓக்லண்ட் என்ற ஊரில் விக்டர் பெர்ஜெரான் என்பவரும் ஒரு விடுதி திறந்தார். அவருக்கு ஒரு கால் இல்லை. சிறு வயதில் நோயால் போன கால் அது. ஆனால், சுறாமீன் கடித்துவிட்டது என்று வாடிக்கைக்காரர்களிடம் கதை விடுவாராம். கட்டைக்காலில் கூரான ஊசியைக் குத்திக் காட்டுவாராம். பார்த்தவர்கள் அலறுவார்களாம்!

1941 முதல் 1945 வரை பசிபிக் கடலில் பெரும் போர் நடந்தது. தீவுகளுக்குப் போன அமெரிக்கச் சிப்பாய்கள் ஊர் திரும்பினார்கள். 1959-ல் ஹவாய் அமெரிக்காவின் ஒரு மாநிலம் ஆயிற்று. ஊருக்கு ஊர் டிக்கி விடுதிகள் முளைத்தன. பெரியவர்களின் உருவம் கோப்பை ஆயிற்று. அதில் மதுவை ஊற்றிக் குடித்தார்கள்!

கடைசியில் டான் பீச் ஹவாய்க்கே குடிபோய், வைக்கீக்கியிலும் விடுதி நடத்தினார். ஹாலிவுட்டில் செய்த பொய்த் தீவு, மெய்யான தீவுக்கே போய்ச் சேர்ந்தது. ஹவாயைப் பார்க்க வந்தவர்கள், ஹாலிவுட் செய்த ஹவாயைப் பார்த்துத் திரும்பினார்கள்.

விடுதிக்குள் ஒரு துப்பறியும் கதை

துப்பறியும் கதை எழுதுகிறவருக்கு இப்படிப்பட்ட விடுதி நல்ல களம்தான். ஏன் என்றால், அங்கே எல்லாமே வேஷம். மழை பொய். கூரை பொய். முதலாளியின் கால் கதை பொய். வருகிறவர்களும் உண்மைப் பெயரைச் சொல்வது இல்லை. மங்கலான விளக்கில் முகமும் சரியாகத் தெரிவது இல்லை. ஊரை விட்டு ஓடி வந்தவர், மனைவியை ஏமாற்றியவர், பணத்தை மறைத்தவர் எல்லோரும் ஒரே கூரையின்கீழ் உட்கார்ந்து இருப்பார்கள். கதை எழுதுகிறவருக்கு வேறு என்ன வேண்டும்?

ஆனால், அந்த விடுதியில் நடந்த மிகச் சிறந்த துப்பறியும் கதையில் கொலையும் இல்லை, கொலைகாரனும் இல்லை. உண்மையாக நடந்தது. கேளுங்கள்.

டான் பீச் ஒரு பானம் தயாரித்தார். மிகவும் கடுமையானது. ஒருவருக்கு இரண்டு கோப்பைக்கு மேல் கொடுக்கமாட்டார்கள். அந்தப் பானத்தின் செய்முறையைப் போட்டிக்காரர்கள் திருடிவிடுவார்கள் என்று அவருக்குப் பயம். அதனால் புட்டிகளில் பெயர் எழுதவில்லை. "மசாலா 4" என்பது போல எண்களைப் போட்டார். கலந்து கொடுக்கும் ஆளுக்கே உள்ளே இருப்பது என்ன என்று தெரியாது!

டான் பீச் 1989-ல் இறந்தார். ரகசியமும் மறைந்தது என்று எல்லோரும் நினைத்தார்கள்.

ஜெப் பெர்ரி என்ற எழுத்தாளர் சும்மா விடவில்லை. பழைய விடுதி ஊழியர்களைத் தேடித் தேடிப் போனார். ஊழியர் ஒருவர் 1937-ம் ஆண்டு முதல் சட்டைப் பையில் வைத்திருந்த குறிப்புப் புத்தகம் அவருக்குக் கிடைத்தது. அதில் செய்முறை இருந்தது. ஆனால் எண்கள்தான் இருந்தன. மறுபடியும் தேடினார். கடைசியில் வயதான ஓர் ஊழியர் சொன்னார், "மசாலா 4" என்பது என்ன என்று.

இலவங்கப்பட்டை!

நம் வீட்டு அஞ்சறைப் பெட்டிச் சரக்குக்கு எத்தனை ஆண்டுத் தேடல், பாருங்கள்!

இதில் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. அந்த விடுதிகளில் பானம் கலந்து கொடுத்தவர்களில் பெரும்பாலோர் பிலிப்பைன்ஸ் நாட்டிலிருந்து வந்தவர்கள். வாடிக்கைக்காரர்களின் கண்ணில் முதலாளி பட்டார். மரச்சிலை பட்டது. மேஜைக்கு அந்தப் பக்கம் நின்று வேலை செய்தவர் படவில்லை. ஆனால், ரகசியத்தைக் காப்பாற்றி வைத்திருந்தவர் அவர்தான். அவரைத் தேடிப் போய்க் கேட்டவருக்கே விடை கிடைத்தது.

துப்பறியும் கதை எழுதுகிறவர்கள் கற்க வேண்டிய பாடம் இதுவே. மது விடுதி கதை கொடுக்கும். குடிப்பவருக்குக் கொடுக்காது. காது கொடுத்துக் கேட்பவருக்குக் கொடுக்கும்.

படகோட்டி எழுத்தாளர் ஆனார்

இப்படிக் காது கொடுத்துக் கேட்ட ஒருவர் அமெரிக்காவின் தென்கோடியில், புளோரிடா மாநிலத்தில் இருக்கிறார். பெயர் ராண்டி வெயின் ஒயிட்.

புளோரிடாவின் மேற்குக் கரையில் சானிபெல் என்று ஒரு தீவு. கடற்சிப்பிகளுக்குப் பெயர் போனது. அங்கே ஒரு படகுத் துறையில் ஒயிட் வேலை பார்த்தார். மீன் பிடிக்க வரும் வெளியூர்க்காரர்களைப் படகில் அழைத்துக் கொண்டு போவது வேலை. சுமார் 13 ஆண்டு இந்தத் தொழில் நடந்தது.

1987-ல் அந்தத் துறையில் விசைப்படகு ஓட்டக்கூடாது என்று ஆயிற்று. அவருக்கு வேலை போய்விட்டது.

வேறு ஒருவராக இருந்தால் தலையில் கை வைத்து உட்கார்ந்து இருப்பார். ஒயிட் பேனாவை எடுத்தார். 13 ஆண்டில் படகில் ஏறியவர்கள் எத்தனை பேர்! அவர்கள் பேசிய பேச்சு எத்தனை! அவ்வளவும் மனதில் இருந்தது. 1990-ல் அவரது துப்பறியும் நாவல் வெளிவந்தது. கதாநாயகன் போர்டு. கடல் உயிர்களை ஆராய்பவர். படகுத் துறையில், தண்ணீர்மேல் மரக்கால் நட்ட வீட்டில் வசிப்பவர். இந்தப் பாத்திரத்தை வைத்து ஒயிட் நிறைய நாவல்கள் எழுதினார். கதாநாயகனின் பெயரில் உணவு விடுதிகளும் வந்தன. கதை படித்தவர்கள் அங்கே போய், கதையில் வருபவர்களைத் தேடுகிறார்கள்!

அவருக்கு முன்னால், அதே கரையில் சியஸ்டா என்ற தீவில் ஜான் மெக்டொனால்டு என்ற எழுத்தாளர் வாழ்ந்தார். 1964 முதல் அவர் எழுதிய 21 நாவல்களின் கதாநாயகன் ஒரு படகில் குடியிருப்பவன். ஏமாந்தவர்களுடைய பணத்தை மீட்டுக் கொடுப்பது அவன் தொழில்.

மெக்டொனால்டு ஓர் உண்மையைக் கண்டு கொண்டார். தீவில் நடக்கும் பெரிய குற்றம் கத்திக்குத்து அல்ல. நில ஆசை! சதுப்பு நிலத்தைத் தூர்க்கிறார்கள். காற்றைத் தடுக்கும் மரத்தை வெட்டுகிறார்கள். மணலில் மாடி மாடியாகக் கட்டி, முதியவர்களின் தலையில் கட்டுகிறார்கள். பணத்தை வாங்கிக் கொண்டு போய்விடுகிறார்கள். பிறகு புயல் வருகிறது.

1977-ல் வந்த அவரது ஒரு நாவலில் இதுதான் கதை. தீவில் மோசமாகக் கட்டிய அடுக்கு மாடி வீடு. நெருங்கி வரும் சூறாவளி. அந்தக் கதையில் கொலைகாரன் கையில் கத்தி இல்லை. கட்டட ஒப்பந்தம் இருக்கிறது!

கதை நிஜம் ஆயிற்று

இது வெறும் கற்பனை என்று நினைக்க வேண்டாம்.

2022 செப்டம்பர் 28-ந் தேதி "இயான்" என்ற சூறாவளி புளோரிடாவைத் தாக்கியது. நூற்றுக்கு மேற்பட்டவர்கள் மாண்டார்கள். சானிபெல் தீவைக் கரையோடு இணைத்த பாதை பல இடங்களில் அறுந்தது. படகில் போனால்தான் தீவு என்ற பழைய நிலை திரும்பியது. ஒயிட் கதையில் வந்த இடங்களையும் கடல் விடவில்லை.

கடல் மறுபடியும் பூட்டுப் போட்டது. ஆனால், இந்தத் தடவை உள்ளே அகப்பட்டவர்கள் கதாபாத்திரங்கள் அல்லர். ரத்தமும் சதையும் உள்ள மனிதர்கள். மீனவர், சமையல்காரர், விடுதியில் தட்டுக் கழுவுகிறவர்.

விருந்தாளிக்குத் தீவு ஒரு வாரச் சங்கதி. தென்னை மரத்தடியில் படம் எடுத்துக்கொண்டு திரும்பி விடுவார். தீவுக்காரருக்கு அதுதான் வீடு. அதுதான் சுடுகாடு. அவருடைய தெய்வ உருவம் கோப்பை ஆனாலும், அவருடைய வேஷத்தை வேறொருவர் போட்டாலும், அவர் அங்கேதான் இருக்க வேண்டும்.

யாரைக் காணோம்?

துப்பறியும் கதையின் தர்மம் என்ன? மறைந்து இருக்கும் உண்மையை வெளியே கொண்டு வருவது. யாரும் கவனிக்காத ஆளைக் கவனிப்பது. சின்னத் துரும்பையும் அலட்சியம் செய்யாமல் இருப்பது.

அந்தத் தர்மத்தைக் கதைக்குள் மட்டும் வைத்தால் போதாது. எழுதுகிறவரும் கடைப்பிடிக்க வேண்டும். ஒரு தீவுக்குப் போய், அங்கு வாழ்பவர்களை மரம் போலவும் மணல் போலவும் பின்னால் நிறுத்தி வைத்துவிட்டு, வந்த விருந்தாளிகளை மட்டும் கதாபாத்திரம் ஆக்கினால், அவர் துப்பறியவே இல்லை என்று அர்த்தம்! கண்ணெதிரே இருந்த பெரிய துப்பை அவர் விட்டுவிட்டார்.

பிக்கர்ஸ் ஓரளவு பார்த்தார். நூறு ஆண்டு ஆகியும் அவர் பெயர் நிற்கிறது. மெக்டொனால்டு நில ஆசையைப் பார்த்தார். அவர் 1986-ல் இறந்து விட்டார். ஒவ்வொரு புயலின்போதும் அவர் பெயரை நினைக்கிறார்கள். ஒயிட் படகில் இருந்து பார்த்தார். வேலை போனவரை எழுத்து வாழ வைத்தது.

வெறும் ஓலைக்கூரையையும், ஒய்யாரக் கோப்பையையும் பார்த்து எழுதியவர்கள் எங்கே? தேடினாலும் கிடைக்கமாட்டார்கள்.

படிக்கிற நமக்கும் இதில் ஒரு வேலை இருக்கிறது. அடுத்த தடவை ஒரு துப்பறியும் கதையைக் கையில் எடுத்தால், "கொலைகாரன் யார்?" என்று மட்டும் தேடாதீர்கள். "இந்தக் கதையில் யாரைக் காணோம்?" என்றும் தேடுங்கள். கதவைத் திறந்து விட்டவர் யார்? படகை ஓட்டியவர் யார்? தட்டைக் கழுவியவர் யார்? அவர்களுக்குப் பெயர் இருக்கிறதா? பேச வாய் இருக்கிறதா?

இருந்தால் அது நல்ல கதை. ஊரார் வீட்டுக் குழந்தைகளுக்கும் தாராளமாகப் படித்துக் காட்டலாம்.

இல்லாவிட்டால், அந்தத் தீவு ஹாலிவுட்டில் செய்த தீவு. கூரைமேல் கேட்கும் மழை, குழாய்த் தண்ணீர்!